பனித்தளத்தில் ஒரு வீரர் விட்டுச்செல்வது எது: செண்டாய் நகரை முன்வைத்து

வடகரை:

ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பதக்கக் கணக்கோடு நின்றுவிடுகிறது. ஒருவர் களத்தை விட்டு விலகிய பின், அந்த விளையாட்டில் அவருடையதாக எஞ்சுவது எது என்பதை இந்த இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதக்கமும் சாதனைப் புள்ளியும் விரைவில் பழையதாகிவிடும். அடுத்து வரும் பிள்ளைக்குச் சறுக்குவதற்கு ஒரு தளம் கிடைத்ததா, அதில் இறங்கத் தூண்டும் ஒரு மனிதர் கிடைத்தாரா என்பதே நிற்கும். இதற்கு ஜப்பானின் செண்டாய் நகரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஷிசுகா அரகவா அந்நகரில் வளர்ந்தவர். 2006 டுரின் ஒலிம்பிக்கில் முதல் சுற்றான குறுநிகழ்ச்சி முடிந்தபோது, அமெரிக்காவின் சாஷா கோஹெனுக்கும் ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்கயாவுக்கும் பின்னால், ஒரு புள்ளிக்கும் குறைவான இடைவெளியில் அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார். இரண்டாம் சுற்றான நெடுநிகழ்ச்சியில் அவ்விருவரும் விழுந்தார்கள், அரகவா விழவில்லை. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்நாடு பெற்ற ஒரே பதக்கமும் அதுதான். ஆனால் அவர் தங்கம் வென்ற அந்த நாளில், செண்டாயில் அவர் பயின்ற தளம் பூட்டிக் கிடந்தது. நடத்தக் கட்டுப்படியாகாமல் 2004 இறுதியில் அதை மூடியிருந்தார்கள். அங்கே பயின்றுகொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் யுசுரு ஹன்யூ, பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இழந்து, வேறு தளத்துக்கு அலைய வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பிய அரகவா அந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் இருந்தவர்களிடம் வலியுறுத்தினார். 2007-இல் அது ‘ஐஸ் ரிங்க் செண்டாய்’ என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஹன்யூவும் அங்கே திரும்பினார். 2011 மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கம் வந்தபோது பதினாறு வயதான அவர் அந்தப் பனியின் மீதுதான் இருந்தார், சறுக்குக் காலணிகளைக் கழற்றக்கூட நேரமின்றி வெளியே ஓடினார். சேதமடைந்த தளம் சில மாதங்கள் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் அவர் வெவ்வேறு ஊர்களில் நடந்த காட்சி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு, அங்கே கிடைத்த பனி நேரத்தையே பயிற்சியாக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு நீஸ் நகரில் உலகப் போட்டியில் வெண்கலமும், 2014 சோச்சியிலும் 2018 பியோங்சாங்கிலும் ஒலிம்பிக் தங்கமும் பெற்றார். ஆண்கள் பிரிவில் தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை அவருக்கு முன் கடைசியாக வென்றவர் 1948, 1952 ஆண்டுகளில் ஆடிய டிக் பட்டன். தன் பெயரில் வெளிவந்த தன்வரலாற்று நூல்களின் உரிமத்தொகையை ஹன்யூ அதே செண்டாய் தளத்துக்குக் கொடுத்தார்.

அந்நகரின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் அருகே இருவருக்கும் நினைவுச் சின்னங்கள் வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தின் கதவு திறந்திருப்பது அவற்றைவிடப் பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

நேர்க்கோடு:

வடகரை அடுக்கிய நிகழ்வுகள் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. அரகவா டுரினிலிருந்து நான்காம் இடத்தோடு திரும்பியிருந்தால் அந்த நிர்வாகத்தினர் அவருக்குக் காது கொடுத்திருப்பார்களா? ஹன்யூவின் நூல்கள் அத்தனை பிரதிகள் விற்றிருக்குமா? தளத்தைத் திறந்த சாவியே அந்தப் பதக்கம்தான்.

மேலும், இந்த விளையாட்டில் உண்மையிலேயே அழியாமல் நிற்பது நுட்பம் என்பேன். நார்வேயைச் சேர்ந்த ஆக்செல் பால்சென் 1882-இல் வியன்னாவில் முன்னோக்கிப் புறப்பட்டு ஒன்றரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார்; இன்று ஆக்செல் எனப்படும் தாவல் அதுதான். சுவீடனின் உல்ரிக் சால்ஷோ 1909-இல், இன்று அவர் பெயரால் வழங்கும் தாவலைச் செய்தார். சால்ஷோ பத்து முறை உலகப் பட்டம் வென்றதை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? அவருடைய பெயரின் முதலெழுத்தோ ஒவ்வொரு போட்டியின் புள்ளித்தாளிலும் இருக்கிறது.

ஜப்பானிலிருந்தே சான்று வேண்டுமானால் மிடோரி இட்டோ இருக்கிறார். பனியில் வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் பிசிறின்றி வரைந்து காட்ட வேண்டிய கட்டாயப் பகுதி அவர் காலத்தில் இன்னும் இருந்தது. 1988 கல்கரி ஒலிம்பிக்கில் அப்பகுதியில் பத்தாவதாக வந்ததனால், தாவல்களில் எல்லோரையும் மிஞ்சியும் அவர் ஐந்தாம் இடத்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டே பாரிஸில் மூன்றரைச் சுற்று தேவைப்படும் ட்ரிபிள் ஆக்செலை இறக்கி உலகப் பட்டம் வென்றார். ஆசியாவுக்கு அந்தப் பட்டம் வந்தது அதுவே முதல் முறை. பெண்களால் அந்தத் தாவல் முடியாது என்று இருந்த எண்ணத்தை அவர் உடைத்தார். எந்தத் தளமும் எந்தக் கட்டடமும் செய்ய முடியாத வேலை அது.

ஸ்கார்பரோவாசி:

கட்டடத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. என் மகள் இங்கே டொராண்டோவில் நகராட்சித் தளம் ஒன்றில் ஸ்கேட் கனடா அமைப்பின் கேன்ஸ்கேட் என்ற தொடக்கநிலை வகுப்பில் தொடங்கியவள் என்பதனால், பனித்தளம் என்பது என்ன என்று ஒரு தந்தையாகச் சிறிது அறிவேன். கான்கிரீட்டுக்கு அடியில் குளிர்ந்த உப்புக்கரைசல் ஓடும் குழாய்கள், இடைவிடாமல் இயங்க வேண்டிய குளிரூட்டும் எந்திரங்கள், பிள்ளைகள் கீறிய பரப்பைச் சமன் செய்யும் ஸாம்போனி வண்டி, இவை அனைத்துக்கும் சேர்த்து வரும் மின்கட்டணம் ஆகியவற்றைத் தாங்க யாராவது ஒருவர் முன்வந்தால்தான் ஒரு பிள்ளை முதல் தடவை விழுவதற்கே இடம் கிடைக்கும். பனியின் இயல்பிலும் தகராறு உண்டு. ஹாக்கிக்கு நன்கு குளிர்ந்து இறுகிய பனி வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குச் சற்று இளகிய பனி வேண்டும், இல்லாவிட்டால் காலணித் தகட்டின் விளிம்பு பிடிக்காது. இரண்டு தரப்பும் ஒரே தளத்தைப் பங்கிடும் ஊரில் நல்ல நேரமெல்லாம் ஹாக்கிக்குப் போய்விட, ஃபிகர் ஸ்கேட்டிங் பிள்ளைகளுக்கு விடியற்காலைதான் மிஞ்சும்.

பதக்கம்தான் சாவி என்று நேர்க்கோடு சொல்வதற்கும் ஒரு பதில் இதே டொராண்டோவில் இருக்கிறது. பிரையன் ஆர்சர் 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் வெள்ளியோடு நின்றவர். கல்கரியில், சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், அமெரிக்காவின் பிரையன் பாய்ட்டானோவிடம் மயிரிழையில் தோற்றார். வீரராக அவருக்குக் கிட்டாத தங்கம் பயிற்சியாளராகக் கிட்டியது. 2010-இல் அவர் பயிற்றுவித்த தென்கொரியாவின் யுனா கிம் வான்கூவரில் 228.56 புள்ளிகளோடு வென்றார். 2012-இல் ஹன்யூ செண்டாயை விட்டு இங்கே அவரிடம் வந்து சேர்ந்தார். பதக்கமே அளவுகோல் என்றால் ஆர்சர் இரண்டு முறை தோற்றவர் என்று எழுதி முடித்துவிட வேண்டியதுதான்.

கொன்றை:

இதுவரை எழுதியவர்கள் யாரும் ஆர்வம் என்பதைத் தொடவில்லை. தளம், பதக்கம், நுட்பம் எல்லாம் பிறகு வருபவை. ஒருவரை முதலில் பனிக்குள் இழுப்பதும், தோற்ற மறுநாள் மீண்டும் இழுப்பதும் ஆர்வம்தான்.

2014 சோச்சியில் மாவோ அசாதா குறுநிகழ்ச்சியில் விழுந்து 16-ஆம் இடத்துக்குப் போனார். பதக்க வாய்ப்பு அந்த இரவே முடிந்துவிட்டது. மறுநாள் ராக்மனினாஃபின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவுக்கு அவர் ஆடிய நெடுநிகழ்ச்சிக்கு 142.71 புள்ளிகள் கிடைத்தன. அதுவரை அவர் பெற்ற நெடுநிகழ்ச்சிப் புள்ளிகளில் அதுவே மிக உயர்ந்தது. இறுதியில் அவருக்குக் கிடைத்தது ஆறாம் இடம். நான்காண்டுகளுக்கு முன் வான்கூவரில் மூன்று ட்ரிபிள் ஆக்செல் இறக்கி அவர் வாங்கிய வெள்ளியைவிட, பதக்கமே இல்லாத அந்த ஆட்டத்தைத்தான் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

அசாதாவின் ஊர் நகோயா. இட்டோவின் ஊரும் அதுவே. இட்டோவைப் பயிற்றுவித்த மச்சிகோ யமடா அசாதாவையும் சிறுவயதில் பயிற்றுவித்தார். அந்நகரின் ஓசு பகுதியில் உள்ள தளத்துக்கு வந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்து, ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளேன் என்று சொன்னவர் சிறுமி அசாதா. அந்தப் பையன்தான் பின்னாளில் 2022, 2023 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற ஷோமா உனோ. அசாதா அன்று எந்த மரபையும் விட்டுச்செல்ல நினைத்திருக்க மாட்டார், தான் விரும்பிய ஒன்றை இன்னொரு குழந்தைக்கும் காட்டினார், அவ்வளவே. வடகரை விரும்பும் செய்தியும் ஒன்று உண்டு: 2024 நவம்பரில் டோக்கியோவின் தச்சிகவா பகுதியில் அசாதாவின் பெயரிலேயே ஒரு பனித்தளம் திறக்கப்பட்டது.

நேர்க்கோடு:

ஆர்வத்தை இவ்வளவு போற்றுவதில் எனக்கு அச்சம் உண்டு. குழந்தையின் ஆர்வத்தைப் பெரியவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோச்சியில் ரஷ்ய அணியின் தங்கத்துக்கு உதவிய யூலியா லிப்னிட்ஸ்கயாவுக்கு அப்போது வயது 15. உணவு மறுப்பு நோயால் பாதிக்கப்பட்டு, 2017-இல் 19 வயதில் அவர் விலகினார். 2022 பெய்ஜிங்கில் கமிலா வலியேவாவுக்கும் வயது 15தான். ஊக்கமருந்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவரைப் பனியில் இறக்கினார்கள். அவர் மீண்டும் மீண்டும் விழுந்ததை உலகமே பார்த்தது. 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தது. மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022 ஜூனில் முடிவெடுத்தது. இந்தப் பிள்ளைகளுக்கும் ஆர்வம் இருந்தது. அதனால் அவர்களுக்கு என்ன எஞ்சியது?

கொன்றை:

உங்கள் அச்சம் நியாயமானது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆர்வத்தைப் பிறர் செலவழிப்பதும் ஆர்வமும் ஒன்றாகிவிடாது. அலிசா லியூவைப் பாருங்கள். 13 வயதில் அமெரிக்கப் பட்டம், பெய்ஜிங் ஒலிம்பிக், அதன்பின் உலகப் போட்டியில் வெண்கலம் என்று எல்லாம் ஏறுமுகமாக இருந்த 2022-இல், 16 வயதில், போதும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கல்லூரியில் சேர்ந்தார், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை மலையேறினார். 2024-இல் தானாகவே திரும்பி வந்தபோது, தன் இசையும் உடையும் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் நிலையில் வந்தார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகப் பட்டமும் வென்றார். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை வென்று 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. விலகும் உரிமை இருந்ததனால்தான் அவருடைய ஆர்வம் பிழைத்தது என்று நான் எண்ணுகிறேன். லிப்னிட்ஸ்கயாவுக்கு அந்த உரிமை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

பழைய ஏடு:

பாஸ்டனைப் பற்றிக் குறிப்பிட்டதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செண்டாய்க்கு நிகரான, அதைவிட நீண்ட ஒரு தொடர் அந்நகரத்தில் தொடங்குகிறது. அது பயிற்சியாளர்கள் வழியாக இறங்கி வரும் தொடர்.

மேரிபெல் வின்சன் 1928-க்கும் 1937-க்கும் இடையில் ஒன்பது முறை அமெரிக்கப் பெண்கள் பட்டத்தை வென்றவர். 1932 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளையாட்டுச் செய்தியாளராகவும் பணியாற்றியவர். திருமணத்துக்குப் பின் வின்சன் ஓவென் என்ற பெயரில் பயிற்சியாளரானார். இளமையில் போலியோவால் தாக்கப்பட்டு மீண்டு, 1956-இல் ஒலிம்பிக் தங்கம் வென்று, பிறகு அறுவை மருத்துவரான டென்லி ஆல்பிரைட் அவருடைய மாணவி. 1961 பிப்ரவரி 15 அன்று, பிராகில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குச் சென்ற அமெரிக்க அணியின் 18 வீரர்களும் பிரசல்ஸ் அருகே விமானம் விழுந்து இறந்தார்கள். வின்சன் ஓவெனும் அவருடைய இரு மகள்களும் அதில் இருந்தார்கள். உலகப் போட்டியையே அந்த ஆண்டு கைவிட்டார்கள். ஒரு நாட்டின் ஃபிகர் ஸ்கேட்டிங் அறிவில் பெரும்பங்கு ஒரே காலைப்பொழுதில் அழிந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்த விமானத்தில் தன் பயிற்சியாளரை இழந்த சிறுமிகளில் ஒருவரான பெகி ஃபிளெமிங் 1968-இல் கிரெனோபிளில் தங்கம் வென்றபோதுதான் அந்நாடு இந்த விளையாட்டில் மீண்டும் எழுந்தது.

விமானத்தில் இல்லாத ஒரு மாணவரும் வின்சன் ஓவெனுக்கு இருந்தார்: ஃபிராங்க் கேரல். அவர் பயிற்சியாளரானார், 1990-களில் மிஷெல் குவானை வளர்த்தார். குவான் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். ஒலிம்பிக்கில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார், தங்கம் கிட்டவில்லை. 2005-இல் அவர் தன் ஒன்பதாவது அமெரிக்கப் பட்டத்தை வென்று, கேரலின் ஆசிரியை வைத்திருந்த எண்ணிக்கையைத் தொட்டார். இந்த ஒன்பதும் அந்த ஒன்பதும் ஒரே குடும்பத்துச் சொத்துபோல எனக்குத் தோன்றும். கேரலுக்குத் தன் மாணவர் ஒருவர் வழியாக ஒலிம்பிக் தங்கம் கிடைக்க 2010 வரை, இவான் லைசாசெக் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் நடந்த விமான விபத்தில் இறந்த 67 பேரில் 28 பேர் ஃபிகர் ஸ்கேட்டிங் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். விசிட்டாவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் அதில் இருந்தார்கள். 1994-இல் இணையர் பிரிவில் உலகப் பட்டம் வென்ற யெவ்கேனியா ஷிஷ்கோவா, வாடிம் நவுமோவ் தம்பதி அவர்களில் இருவர். வின்சன் ஓவெனோடு பெயர் சேர்ந்த அதே பாஸ்டன் ஸ்கேட்டிங் கழகத்தில் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். கொன்றை சொன்ன அந்த உலகப் போட்டி இதற்கு இரண்டு மாதங்களுக்குள் அதே நகரில் நடந்தது. தளம் எஞ்சுமா, நுட்பம் எஞ்சுமா என்று பேசுகிறீர்கள். இரண்டையும் உடலில் சுமந்து திரிபவர் பயிற்சியாளர். அவர் இறந்தால் எழுதி வைக்கப்படாத ஒரு பெரும்பகுதி அவரோடே போய்விடுகிறது.

மணல்மேடு:

சூர்யா போனாலியையும் இங்கே சேர்க்க வேண்டும். ஐந்து முறை ஐரோப்பியப் பட்டம் வென்ற பிரெஞ்சு வீராங்கனை அவர். 1998 நகானோவில், காயத்தோடு ஆடிய தன் கடைசி ஒலிம்பிக்கில், விதி தடை செய்த பின்குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். நடுவர்கள் புள்ளியைக் குறைத்தார்கள். அந்தத் தடையை 2024-இல்தான் நீக்கினார்கள். அவர் எந்தத் தளத்தையும் கட்டவில்லை, அந்த ஆட்டத்துக்குப் பதக்கமும் வாங்கவில்லை, அந்தக் குட்டிக்கரணத்தை முதலில் செய்தவரும் அவர் இல்லை. அப்படியிருந்தும் இன்று யார் அதைச் செய்தாலும் பார்ப்பவர்களுக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. வடகரையின் கணக்கில் இவருக்கு எந்த இடம்?

வடகரை:

மணல்மேட்டின் கேள்விக்கு என் கணக்கில் நேரடி விடை இல்லை; போனாலி என் வாதத்துக்குள் அடங்காத ஆள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய ஏடு எழுதியதைப் படித்த பின் தளத்துக்கு முன்னால் பயிற்சியாளரை வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். நேர்க்கோட்டோடு மட்டும் ஒரு வாதம் மிச்சமிருக்கிறது.

நுட்பம் தனியாக நிற்கும் என்கிறீர்கள். நான்கரைச் சுற்று தேவைப்படும் குவாட் ஆக்செலை எடுத்துக்கொள்வோம். ஹன்யூ 2022 பெய்ஜிங்கில், குறுநிகழ்ச்சியில் எட்டாவதாக இருந்த நிலையில், அதை நெடுநிகழ்ச்சியின் முதல் தாவலாக வைத்தார். சுற்று முழுமையடையாமல் விழுந்தார். நான்காம் இடத்தோடு முடித்தார். அதைத் தவிர்த்து எளிய தாவலை வைத்திருந்தால் பதக்கத்தை நெருங்கியிருக்கலாம். அவ்வாண்டு செப்டம்பரில், லேக் பிளாசிடில், அமெரிக்காவின் 17 வயது இலியா மாலினின் அந்தத் தாவலை முதன்முதலில் போட்டியில் முழுமையாக இறக்கினார். அதை முயன்று பார்க்கும் ஊக்கம் ஹன்யூவிடமிருந்து வந்தது என்று அவரே சொன்னார். மாலினினின் தாயும் தந்தையும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். அவர்களே அவருடைய பயிற்சியாளர்களும் ஆவர். ஏட்டில் பதிந்திருப்பது மாலினினின் பெயர். ஆனால் ஒருவர் விழுந்த தாவல்கூட அடுத்தவருக்குக் கைமாறியிருக்கிறது. அது மனிதர் வழியாகத்தான் போயிருக்கிறது.

நேர்க்கோடு:

அந்தத் தாவலில் ஹன்யூ விழுந்தார் என்பதனால்தான் மாலினினின் பெயர் பதிந்திருக்கிறது. என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆயினும் ஒன்றைச் சேர்க்கிறேன். நான் நுட்பத்துக்குச் சான்றாகக் காட்டிய இட்டோ, 2011-இல், 41 வயதில், ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் நடக்கும் வயதுவந்தோருக்கான போட்டிக்குப் போய் ஆடினார். பிற்காலத்திலும் அங்கே திரும்பிப் போயிருக்கிறார். உலகப் பட்டம் வென்றவருக்கு அங்கே நிரூபிக்க ஒன்றுமில்லை. இதைக் கொன்றையின் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

புதுவரவு:

இந்த விளையாட்டை நான் இதுவரை பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்குவது, தாவல்களை எப்படிப் பிரித்தறிவது என்று யாராவது சொல்ல முடியுமா?

கொன்றை:

மூன்று ஆட்டங்களைப் பாருங்கள்: 1989 பாரிஸில் இட்டோவின் நெடுநிகழ்ச்சி, 2006 டுரினில் அரகவாவின் நெடுநிகழ்ச்சி, 2014 சோச்சியில் அசாதாவின் நெடுநிகழ்ச்சி. அரகவாவின் ஆட்டத்தில், இரு பாதங்களையும் எதிரெதிர்த் திசையில் வைத்து, முதுகைப் பின்னால் வளைத்தபடி தளத்தின் குறுக்கே நெடுந்தூரம் வழுக்கிச் செல்லும் ஓர் அசைவு வரும். ஜெர்மானிய வீராங்கனை இனா பாவரின் பெயரால் அழைக்கப்படும் அந்த அசைவுக்கு அப்போதைய விதியில் தனிப் புள்ளி கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். தாவல்களில் முதலில் ஆக்செலை மட்டும் கண்டுபிடிக்கப் பழகுங்கள். மற்ற ஐந்து வகைகளிலும் வீரர் முதுகு காட்டிப் பின்னோக்கிப் புறப்படுவார், ஆக்செலில் மட்டும் முகம் பார்க்க முன்னோக்கிப் புறப்படுவார். அந்த ஐந்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் லட்ஸையும் ஃபிளிப்பையும் பிரித்தறிவது ஒரு பருவம் முழுதும் பார்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் நடுவர்களே தடுமாறுவதுண்டு.